முதுமைக்கால உடன்படிக்கை: கொரோடி முதல் தொடர்பேணல் குடியிருப்பு வரை

1. முன்னுரை

முதுமை எய்திய ஒருவர் தம் பொருளின் பெரும்பகுதியை ஒருங்கே பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, அதற்கு ஈடாகத் தம் இறுதிநாள்வரை உறைவிடமும் உணவும் நோய்ப்பேணலும் பெறுவதாகச் செய்துகொள்ளும் உடன்படிக்கை, இந்நூற்றாண்டின் புதுமை என்று பலர் கருதுவர். அமெரிக்க நாட்டில் 'தொடர்பேணல் முதியோர் குடியிருப்பு' என வழங்கும் அமைப்பு அத்தகைய உடன்படிக்கையை அடிப்படையாகக் கொண்டது. உடல்நலம் உள்ளபோதே முதியவர் அங்குத் தனி இல்லம் பெற்றுக் குடியேறுகின்றார். பின்னர் உடுத்தல், நீராடல் முதலியவற்றிற்குத் துணை வேண்டின் அதற்குரிய பகுதிக்கும், படுக்கையுறின் அவ்வளாகத்திலேயே அமைந்த மருத்துவப் பேணகத்திற்கும் மாறுகின்றார். இதன்பொருட்டு அவர் தொடக்கத்தில் ஒரு பெருந்தொகையை நுழைவுத்தொகையாகவும், பின்னர் மாதந்தோறும் ஒரு கட்டணத்தையும் செலுத்துகின்றார். நுழைவுத்தொகை பெரும்பாலும் அவர் நெடுங்காலம் வாழ்ந்த வீட்டினை விற்றுப் பெற்ற பொருளேயாகும்.

ஆகவே, இத்தகைய குடியிருப்பினைத் தேர்ந்தெடுத்தல் ஏனைய பொருள்களை வாங்குதல் போன்றதன்று. தேர்ந்தபின் மீளுதல் அரிது. விற்ற வீடு மீண்டும் வாராது. இழந்த பொருளை மறுபடியும் ஈட்டுதற்கு ஆண்டும் ஆற்றலும் இல்லை. இங்ஙனம் மீளமுடியாத ஒரு தேர்வினைச் செய்வார்க்கு, இதே தேர்வினை முற்காலத்தே செய்தவர் எய்திய நலமும் கேடும் வழிகாட்டுதல் கூடும். இடைக்கால இங்கிலாந்தில் வழங்கிய முதுமைக்கால உடன்படிக்கைகளோடு அமெரிக்கக் குடியிருப்புக்களை ஒப்பவைத்து நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். முன்னதிலிருந்து பின்னது வழிவழியாகத் தோன்றிற்று என்று கூறுதல் ஈண்டு எம் கருத்தன்று. இரண்டிற்கும் வடிவம் ஒன்று. இடுக்கண் தோன்றும் இடமும் ஒன்று என்பதே யாம் காட்ட விழைவது.

2. குடியானவர் உடன்படிக்கைகள்

பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் பதினைந்தாம் நூற்றாண்டு வரையிலான இங்கிலாந்துப் பண்ணை மன்றங்களின் ஏடுகளில், முதியோர் தம் நிலத்தைப் பிறர்க்கு விட்டுக்கொடுத்த செய்திகள் பல பதிவு செய்யப்பட்டுள்ளன. உழுதற்கு வலிமையற்ற முதியவரோ கைம்பெண்ணோ தம் நிலத்தை மகனிடமோ மகளிடமோ ஒப்படைப்பர். பெற்றவர் ஆண்டுதோறும் இத்துணை அளவு கோதுமையும் வாற்கோதுமையும் தருதல் வேண்டும். உறைவதற்கு ஓர் அறையும், அடுப்பங்கரையில் குளிர்காய இடமும், உடையும் அளித்தல் வேண்டும் என்றாற்போல நிபந்தனைகள் எழுதப்பெறும். பிள்ளையில்லாதவரும், பிள்ளைகள் வேற்றூர் சென்றுவிட்டவரும் உறவினரல்லாதாரோடும் இவ்வாறு உடன்படிக்கை செய்துகொண்டனர்.

பெற்ற மக்களிடத்தும் வாய்ச்சொல்லை நம்பாது மன்றத்தின் ஏட்டில் பதிவு செய்துகொண்டனர் என்பது ஈண்டுக் கருதற்பாலது. அன்பு இல்லாமையால் அவர் இங்ஙனம் செய்தனர் என்று கொள்ளுதல் பொருந்தாது. அன்பு மாறினும் சோறு மாறாதிருத்தல் வேண்டும் என்னும் முன்னறிவே அதற்குக் காரணம். நிபந்தனை தவறியவழி முதியவர் மன்றத்தில் முறையிடலாம். மன்றம் தவறியவர்க்குத் தண்டம் விதிக்கும். நிலத்தை முதியவர்க்கே திருப்பித் தருதலும் உண்டு. கொடுத்த பொருள் நிலமாதலின் அஃது யாண்டும் போய்விடவில்லை; அவ்வூரிலேயே, எல்லோர் கண்ணுக்கும் புலனாக இருந்தது. இவ்வுடன்படிக்கையின் வலிமை முழுவதும் இதன்கண்ணே அடங்கியிருந்தது.

3. மடங்களும் கொரோடியும்

பொருளுடையார் நாடியது வேறொரு வழி. கிறித்தவத் துறவியரின் மடங்களுக்கு ஒரு தொகையையோ நிலத்தையோ அளித்து, அதற்கு ஈடாக வாழ்நாள் முழுவதும் உணவும் உறைவிடமும் பெறும் உரிமையை அவர்கள் வாங்கினர். இவ்வுரிமை 'கொரோடி' எனப்பட்டது. கிழமைதோறும் இத்தனை ரொட்டி, இத்தனை அளவு மது, மடத்து அடுக்களையிலிருந்து நாள்தோறும் இன்ன உணவு, குளிர்காலத்திற்கு விறகு, மெழுகுதிரி, ஆண்டுக்கோர் உடை என்று அதன் உறுப்புக்கள் நுணுக்கமாக எழுதப்பெற்றன. கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்குதலும் உண்டு. ஒருவர் இறந்தபின் எஞ்சியவர்க்கு எவ்வளவு என்பதும் முன்னரே வரையறுக்கப்படும். நோயுற்று உணவுக்கூடத்திற்கு வர இயலாதவழி உணவினை அறைக்கே கொண்டுவந்து தருதல் வேண்டும் என்று எழுதிக்கொண்டாரும் உளர். இன்றைய ஒப்பந்தங்களைப் படிப்பார்க்கு இவையெல்லாம் பழகிய செய்திகளாகவே தோன்றும்.

கொரோடி பெற்றார் எல்லோரும் பொருள் கொடுத்துப் பெற்றவரல்லர். அரசர் தம் முதிய பணியாளரை மடங்களுக்கு அனுப்பி, அவர்களை உணவிட்டுப் பேணுமாறு பணித்தனர். மடங்களுக்கு இஃது ஒரு சுமை. எனினும், அரசர் சுமத்திய கொரோடியினும் மடங்கள் தாமே விற்ற கொரோடி சிலபோது பெருங்கேடு விளைத்தது. கடன் நெருக்கியபோது மடத்தலைவர் கொரோடிகளை விற்று உடனடியாகக் கைப்பொருள் பெற்றனர். அப்பொருள் பழங்கடன் தீர்த்தற்கோ கட்டட வேலைக்கோ செலவாயிற்று. வாங்கியவரோ இருபது ஆண்டும் முப்பது ஆண்டும் வாழ்ந்தனர். அவர்க்கு உணவளிக்க மறுபடியும் கொரோடி விற்கும் நிலை ஏற்பட்டது. மடங்களைப் பார்வையிட்ட மேற்றிராணிமார், தம் இசைவின்றிக் கொரோடி விற்றலாகாது என்று பலமுறை கட்டளையிட்டனர். ஒரே கட்டளை பலமுறை பிறந்தது என்பதே அது பின்பற்றப்படவில்லை என்பதற்குச் சான்றாகும்.

நிலத்தைக் கொடுத்த குடியானவர்க்கும் பணத்தைக் கொடுத்த கொரோடியாளர்க்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்கும். முன்னவர் கொடுத்த பொருள் நின்றது. பின்னவர் கொடுத்தது கரைந்தது. பின்னவர்க்குப் பற்றுக்கோடாக நின்றது மடத்தின் பெயரும் அதன் தூய்மைபற்றிய நம்பிக்கையுமே.

அந்நம்பிக்கையும் ஒருநாள் சோதனைக்கு உள்ளாயிற்று. எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை இங்கிலாந்தின் மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்துக்களைக் கைப்பற்றினார். சொத்துக்களை நிருவகிக்க 1536ஆம் ஆண்டில் தனி மன்றம் ஒன்று நிறுவப்பெற்றது. கொரோடியாளர் பலருடைய உரிமையை அம்மன்றம் ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக ஆண்டுதோறும் பணம் வழங்கிற்று. இதனை நேர்மையான செயல் என்றே கூறுதல் வேண்டும். ஆயினும், ரொட்டியாகப் பெற்றதற்கும் பணமாகப் பெற்றதற்கும் வேறுபாடு உண்டு. அந்நூற்றாண்டில் இங்கிலாந்தில் பொருள்களின் விலை தொடர்ந்து ஏறிற்று. ரொட்டி பெற்றவர் விலையேற்றத்தை அறியார். குறித்த பணம் பெற்றவரோ ஆண்டுதோறும் சிறிது சிறிதாக இழந்தார். வாக்குறுதி காக்கப்பட்டபோதும் அதன் பயன் குன்றுதல் கூடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

4. ஆயுளை அளத்தல்

மடத்தலைவர் கொரோடி விற்றபோது அவர்க்கு விலை வகுக்கும் முறை தெரியாது. வாங்குவார் எத்துணை ஆண்டு வாழ்வார் என்பதனை அவர் ஊகத்தாலேயே கொண்டனர். இக்குறையைப் போக்கும் அறிவு பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிற்று. 1671இல் ஆலந்து நாட்டு அரசியலறிஞர் யோகான் டி விட், வாழ்நாள்வரை ஆண்டுதோறும் பணம் வழங்கும் பத்திரங்களின் தகுந்த விலையைக் கணித்துக் காட்டினார். 1693இல் வானநூலறிஞர் எட்மண்ட் ஹாலி, பிரெசுலாவ் நகரத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளைக்கொண்டு ஆயுள் அட்டவணை ஒன்றை அமைத்து வெளியிட்டார். எந்த அகவையினர் இன்னும் எத்துணைக் காலம் வாழ்தல் கூடும் என்பதனை அதனால் மதிப்பிடலாயிற்று. அதே காலத்தில் இங்கிலாந்து அரசாங்கம் வாங்குவாரின் அகவையை நோக்காது எல்லோர்க்கும் ஒரே விலையில் ஆயுட்காலப் பத்திரங்களை விற்றுக்கொண்டிருந்தது. அறிவு பிறந்த அன்றே நடைமுறை மாறுவதில்லை. அகவைக்கேற்பக் கட்டணம் வகுத்த எக்விடபிள் என்னும் ஆயுட்காப்பு நிறுவனம் இலண்டனில் தோன்றியது 1762ஆம் ஆண்டிலேதான்.

கணக்கறிவு இருந்தால் மட்டும் போதுமோ எனின், போதாது. அந்த எக்விடபிள் நிறுவனமே, பிற்காலத்தில் தான் உறுதிகூறிய ஆயுட்காலத் தொகைகளின் பளுவைத் தாங்கமாட்டாது, 2000ஆம் ஆண்டின் இறுதியில் புதிய வாடிக்கையாளரை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. மக்கள் முன்னோரினும் நீண்டு வாழ்ந்தனர். வட்டிவீதம் எதிர்பாராத அளவு தாழ்ந்தது. ஆயுளை அளந்து புகழ்பெற்ற நிறுவனமே அளவில் தவறுமாயின், ஏனையோர் கணக்கினைப் பன்முறை ஆராய்தல் வேண்டுமென்பது சொல்லாமலே அமையும்.

5. அமெரிக்க இல்லங்கள்

அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆதரவற்ற முதியோர்க்கு இருந்த புகலிடம் ஏழையர் விடுதியே. அங்குச் செல்லுதல் பெரும் இழிவாகக் கருதப்பட்டது. அவ்விழிவினின்று நல்லோரைக் காத்தல் வேண்டும் என்னும் எண்ணத்தால் திருச்சபைகளும் அறச்சங்கங்களும் தனி இல்லங்களை ஏற்படுத்தின. பிலடெல்பியா நகரில் வறிய கைம்பெண்களுக்கும் மணமாகாத மகளிர்க்குமாக 1817இல் தோன்றிய சங்கம் இவற்றுள் காலத்தால் முற்பட்டவற்றுள் ஒன்று. இத்தகைய இல்லங்கள் பலவற்றில் நுழைவார் ஒரு தொகை செலுத்துதலும், தம் சொத்தினை இல்லத்தின் பெயர்க்கு எழுதிவைத்தலும் வழக்கமாயின. சிறிது காலம் தங்கவைத்துப் பார்த்து, அதன்பின்னரே நிலையாக ஏற்றுக்கொண்ட இல்லங்களும் உண்டு. கொரோடியின் வடிவம் ஈண்டு மீண்டும் தோன்றுதலைக் காண்கின்றோம்.

1935ஆம் ஆண்டின் சமூகக் காப்புச் சட்டம் முதியோர்க்கு உதவித்தொகை வழங்க வழிசெய்தது. ஆனால் அரசாங்க விடுதிகளில் வாழ்வார்க்கு அவ்வுதவியை மறுத்தது. ஏழையர் விடுதியின் வீழ்ச்சிக்கும் தனியார் இல்லங்களின் வளர்ச்சிக்கும் இஃது ஒரு காரணமாயிற்று. 1965இல் மெடிகேர் என்னும் மருத்துவக் காப்பு வந்தது. அது முதியோரின் மருத்துவமனைச் செலவை ஏற்றது; ஆனால் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடப்பார்க்கு வேண்டும் அன்றாடப் பேணலை ஏற்கவில்லை. மருத்துவமனையில் தங்கியபின் தேவைப்படும் தேர்ந்த செவிலியர் பேணலுக்கும் ஒரு நோய்க்காலத்தில் 100 நாள் என்னும் எல்லை உண்டு. நடுத்தரச் செல்வமுடையார் பலர் அஞ்சியது இந்த இடைவெளியையே. தொடர்பேணல் குடியிருப்பு இவ்விடைவெளியை நிரப்புவதாக வளர்ந்தது. 1967இல் பென்சில்வேனியாவின் குவினெட் என்னும் ஊரில் குவேக்கர் சமயத்தார் தொடங்கிய பௌக்வேசு, இவ்வமைப்பின் முன்னோடிகளுள் ஒன்று. அவர்களே 1973இல் அதே மாநிலத்தில் இலாங்வுட் என்னுமிடத்தில் கெண்டல் என்னும் குடியிருப்பைத் திறந்தனர்.

6. பசிபிக் ஹோம்ஸ் வழக்கு

இவ்வரலாற்றில் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது பசிபிக் ஹோம்ஸ் என்னும் நிறுவனத்தின் வீழ்ச்சி. மெதடிஸ்டுத் திருச்சபையோடு தொடர்புடைய அந்நிறுவனம் கலிபோர்னியா, அரிசோனா, ஹவாய் ஆகிய மூன்று மாநிலங்களில் முதியோர் இல்லங்களை நடத்திற்று. வாழ்நாள் முழுவதும் பேணுவதாக வாக்களித்துப் பெருந்தொகை பெற்றது. பெற்ற தொகையைப் பிற்காலச் செலவிற்காகச் சேமித்துவையாது, முன்னரே குடியேறியவரின் அன்றாடச் செலவிற்குப் பயன்படுத்தியது. புதியவர் வந்துகொண்டிருந்தவரை இக்குறை வெளிப்படவில்லை. முதியோர் எதிர்பார்த்ததினும் நீண்டு வாழ்ந்தனர். 1970களில் விலைவாசியும் மருத்துவச் செலவும் விரைந்து ஏறின. 1977இல் நிறுவனம் நொடித்து நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடிற்று. கடன்பட்ட மடத்தலைவர் கொரோடி விற்ற கதைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? காலமும் இடமுமே வேறு.

முதியோர் திருச்சபையின்மீது வழக்குத் தொடுத்தனர். திருச்சபையின் பெயரைக் கண்டே தாம் பொருளை ஒப்படைத்ததாக அவர்கள் கூறினர். திருச்சபையோ, தான் ஒரு சமயக் கூட்டமேயன்றி வழக்குத் தொடுத்தற்குரிய அமைப்பன்று என்று வாதிட்டது. 1979இல் கலிபோர்னிய மேல்முறையீட்டு மன்றம் அவ்வாதத்தை மறுத்து, திருச்சபைமீது வழக்குத் தொடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 1980இல் ஏறத்தாழ 2 கோடியே 10 இலட்சம் டாலர் அளவில் உடன்பாடு ஏற்பட்டது.

இவ்வழக்கின் உட்பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. முதியோர் நம்பியது ஒரு பெயரை. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டதோ வேறொரு சட்ட உரு. இரண்டும் ஒன்றென அவர்கள் எண்ணினர். பலர்க்கு அவ்வெண்ணத்தின் தவறு எழுபது எண்பது அகவையில், நீதிமன்றப் படிக்கட்டில் நிற்கும்போதே விளங்கிற்று.

7. சட்டமும் ஒப்பந்த வகைகளும்

இதன்பின்னர் மாநிலங்கள் பல, விழிப்புற்றுச் சட்டம் இயற்றின. பென்சில்வேனியா 1984இல், இத்தகைய குடியிருப்பினர் தம்மைப் பதிவு செய்தலும் தம் நிதிநிலையை வெளியிடுதலும் வேண்டும் என்று விதித்தது. 1985இல் குடியிருப்புக்களை ஆராய்ந்து தகுதிச்சான்று வழங்கும் குழு ஒன்று அமைந்தது. எனினும் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் பிறக்கவில்லை. அமெரிக்க மக்கள் மன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2010இல் வெளியிட்ட அறிக்கையின்படி 38 மாநிலங்களிலேயே இதற்கெனக் கட்டுப்பாடு இருந்தது. எஞ்சிய 12 மாநிலங்களில் இல்லை.

ஒப்பந்தங்கள் மூவகைப்படும். முதல்வகையில் நுழைவுத்தொகை மிகுதி. ஆனால் பேணகத்திற்கு மாறினும் மாதக்கட்டணம் பெரிதும் மாறாது. இரண்டாம் வகையில் குறித்த சில நாட்களுக்கு மட்டும் பேணகச் செலவு அடங்கும். அதன்மேற்பட்டதற்குத் தனிக்கட்டணம் உண்டு. மூன்றாம் வகையில் நுழைவுத்தொகை குறைவு. பேணலின் செலவு முழுவதையும் அவ்வப்போது குடியிருப்பவரே செலுத்துவர். முதல்வகையில் நீண்ட நோயின் இடரை நிறுவனம் ஏற்கின்றது. மூன்றாம் வகையில் முதியவரே ஏற்கின்றார். ஆகவே விலை குறைந்தது எது என்று வினவுதலினும், இடர் யாருடையது என்று வினவுதலே பொருத்தமுடையது. முதல்வகையில் இடரை ஏற்ற நிறுவனம் நொடிக்குமாயின் அவ்விடர் முதியவரிடமே திரும்பி வரும் என்பதனையும் மறத்தலாகாது.

நொடிப்பின் விளைவும் எல்லா இடத்தும் ஒருபடித்தாய் இருப்பதில்லை. 2009 அக்டோபரில், பல மாநிலங்களில் பெருங்குடியிருப்புக்களை நடத்திய எரிக்சன் நிறுவனம் நீதிமன்றத்தை நாடிற்று. வீட்டு விலைகள் வீழ்ந்தமையால் முதியோர் தம் வீட்டை விற்க இயலாது, புதிதாகக் குடியேறுவார் தொகை குறைந்தமை அதற்கு ஒரு காரணம். 2010இல் வேறொருவர் அதனை வாங்கினர். குடியிருந்தோர் பேணல் இடையறாது தொடர்ந்தது. நியூயார்க் மாநிலத்துப் போர்ட் வாஷிங்டனில் அமைந்த ஹார்பர்சைடு என்னும் குடியிருப்போ 2014, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் மும்முறை நீதிமன்றம் சென்றது. நுழைவுத்தொகையில் பெரும்பகுதி தமக்கோ தம் வழியினர்க்கோ திரும்பக் கிடைக்கும் என்று நம்பி அங்குக் குடியேறிய முதியோர் பலர், இறுதியில் வேறிடம் நாட நேர்ந்தது. கட்டடம் எழுப்புதற்குக் கடன் கொடுத்தவர் அக்கட்டடத்தையே ஈடாகப் பெற்றிருப்பர். குடியிருப்பவர்க்குப் பெரும்பாலும் அத்தகைய ஈடு இல்லை. சொத்து விற்கப்படும்போது அவர் வரிசையில் பின்னே நிற்கின்றார்.

8. தேர்வார்க்கு வரலாறு கூறுவது

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், குடியிருப்பினைத் தேர்வார் கேட்கவேண்டிய வினாக்கள் தாமே புலப்படும். தோட்டத்தின் அழகும் உணவுக்கூடத்தின் பொலிவும் காட்சிக்கு எளியன. அவற்றைக் காணுதல் தவறன்று. அங்கு வாழ்வாரோடு உண்டு உரையாடுதல் மிகவும் நன்று. ஆனால் அவை இன்றைய நிலையை மட்டும் காட்டும். முதியவர் வாங்குவதோ இருபது ஆண்டிற்குப் பின்னுள்ள ஒரு நாளின் பேணலை.

முதலாவதாக, ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் சட்ட உரு யாது, அதன் கடமைக்கு வேறு யாரேனும் பொறுப்பாவரோ என்பதனை அறிதல் வேண்டும். பசிபிக் ஹோம்ஸ் கற்பித்த பாடம் இது. இரண்டாவதாக, பெற்ற நுழைவுத்தொகை யாண்டு வைக்கப்பட்டுள்ளது, எத்துணைச் சேமநிதி உண்டு, ஆயுட்கணக்கர் எப்போது ஆராய்ந்தார் என்று கேட்டல் வேண்டும். மடங்களின் கொரோடி கற்பித்த பாடம் இது. மூன்றாவதாக, இல்லங்களுள் எத்தனை நிரம்பியுள்ளன, அண்மை ஆண்டுகளில் மாதக்கட்டணம் எவ்வாறு ஏறிவந்துள்ளது என்பன அறியத்தக்கன. வரவு நிலையாயிருக்கக் கட்டணம் ஏறுமாயின், மடங்கள் கலைந்தபின் பணம் பெற்ற கொரோடியாளர் நிலையே வந்தெய்தும். நான்காவதாக, நுழைவுத்தொகை திரும்பத் தரப்படும் எனின், எப்போது என்று கேட்டல் வேண்டும். அவ்வில்லத்தில் வேறொருவர் குடியேறிய பின்னரே தரப்படும் என்று எழுதியிருத்தல் உண்டு. அதற்கு ஆண்டுகள் ஆகலாம்.

ஐந்தாவது வினா பொருள்பற்றியதன்று. தனி இல்லத்திலிருந்து பேணகத்திற்கு மாறவேண்டிய நாளை யார் முடிவு செய்வது? முதியவரா, அவர் மக்களா, மருத்துவரா, நிறுவனமா? கணவன் பேணகம் செல்லின் மனைவி பழைய இல்லத்தில் எக்கட்டணத்தில் வாழ்வார்? நோயுற்றால் உணவு அறைக்கு வருமா என்று கேட்டு எழுதிக்கொண்ட இடைக்காலத்தார் இவ்வினாவின் அருமையை உணர்ந்திருந்தனர்.

இவ்வினாக்களை உரிய காலத்தில் கேட்டலும் வேண்டும். நலமுள்ளோரையே இக்குடியிருப்புக்கள் பெரும்பாலும் ஏற்கின்றன. நோய் முற்றியபின் தேடுவார்க்கு வாயில் அடைபடுதல் கூடும். விரைந்து தேர்தலும் இடர், காலந்தாழ்த்தலும் இடர்.

9. முடிவுரை

வாழ்நாள்வரை பேணுவோம் என்னும் வாக்குறுதியில் ஓர் இயல்பான முரண் உண்டு. கொடுத்தவர் நீடு வாழ விழைகின்றார். பெற்றவரின் கணக்கோ அவர் நீடு வாழுந்தோறும் இழப்பைக் காட்டுகின்றது. அறவுணர்வு இம்முரணைத் தணிக்கும், ஆனால் நீக்காது. நல்லெண்ணம் நிறைந்த துறவியரும் திருச்சபையினரும் இதன்கண் இடறினர் என்பதனை மேலே கண்டோம். இதனை நீக்குவன செம்மையான கணக்கும், தொடப்படாத சேமநிதியும், ஒளிவற்ற ஏடும், மன்றத்தின் காவலுமே.

தன் நிலத்தை மகனுக்கே கொடுத்தபோதும் அதனை மன்றத்து ஏட்டில் பதிவு செய்துகொண்ட அக்குடியானவர் கல்வியறிவு இல்லாதவராயிருத்தல் கூடும். எனினும், கொடுத்த பொருள் எங்கே இருக்கின்றது, வாக்குத் தவறின் அதனை மீட்கும் வழி யாது என்னும் இரண்டு வினாக்களுக்கு விடை அறிந்தே அவர் கொடுத்தார். இன்று கொடுப்பாரும் அவ்விரண்டற்கும் விடை பெற்ற பின்னரே கையொப்பமிடுதல் நலம்.